அபராதம் போதாது என்றவருடன் திருச்சிராப்பள்ளியில்

உறையூரில் மகளுக்குக் கலியாணச் சேலை எடுக்கப் போகிறோம் என்றுதான் பினாங்கில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அது பொய்யில்லை. சேலையும் எடுத்தோம். ஆனால் சேலைக்காக மட்டும் கப்பலேறி, போகும் வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்துக் கிடக்க நான் ஒன்றும் பைத்தியமில்லை. என் வீட்டுக்காரர் சுவாமியாரிடம் தம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருந்தது. அதைத் திருச்சிராப்பள்ளியில்தான் செய்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

பினாங்கிலும் மாதா கோவில் இருக்கிறது. சுவாமியார் இருக்கிறார். அவருக்குக் காதும் நன்றாகக் கேட்கிறது. ஆனால் எங்களுக்குக் கலியாணமான நாளிலிருந்து இவர் பூசையில் நற்கருணை வாங்கி நான் பார்த்ததில்லை. அந்த நன்மையை வாங்க எல்லோரும் எழுந்து பீடத்தண்டை போகும்போது இவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவ்வளவு சுத்தமான கண்ணாடி பினாங்கில் வேறு யாரிடமும் கிடையாது. கேட்டால், "அப்புறம் பார்க்கலாம்" என்பார். நானும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். கடைசியில் மகள் செசிலிதான் கேட்டாள். "என் கலியாணப் பூசையிலயாவது என்கூட வந்து நன்மை வாங்குவீங்களாப்பா?" என்றாள்.  இவர் மறுவாரமே கப்பலுக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்து நின்றார்.

காரணத்தைக் கப்பலில்தான் சொன்னார். இவர் திருச்சிராப்பள்ளியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து படித்த வரதன் என்ற ஐயங்கார் பையன் இவருக்கு உயிர்ச் சிநேகிதன். ஒரு கிறிஸ்துமஸுக்கு, ரயில்வேக்கார ஆங்கிலோ இந்தியர் வீட்டிலிருந்து விடுதிப் பையன்களுக்கு ஒரு டப்பா கேக் வந்தது. இவர் வரதனுக்கும் ஒரு துண்டு நீட்டினார். முட்டை கிடையாதே என்று வரதன் கேட்டான். கிடையாது என்றார். மாதா மேல் சத்தியம் பண்ணு என்றான். பண்ணினார். வரதன் தின்று முடித்ததும் விடுதியே கைகொட்டிச் சிரித்தது. யாரோ அந்தச் செய்தியை ஸ்ரீரங்கம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மறுநாள் வரதனின் தகப்பனார் வந்து இவரை ஒரு பார்வை பார்த்தார்.  மகனைக் கல்லூரியிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு துண்டு கேக்குக்காகவா முப்பது வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்? அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. மாதாவின் பேரில் பொய்ச் சத்தியம், சிநேகிதனின் படிப்பைக் கெடுத்தது, அதைச் சொல்லக் கூசி ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் மறைத்தது, மறைத்ததே இன்னொரு பாவம் என்று அடியோடு நிறுத்தியது, பாவத்தைச் சொல்லாமல் நன்மை வாங்கக்கூடாது என்று அதையும் விட்டது, இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். செய்த ஊரிலேயே போய்ச் சொன்னால்தான் பாரம் இறங்கும் என்றும் ஒரு எண்ணம். அப்படி எந்த ஞானோபதேசத்திலும் இல்லை. இவராகச் சேர்த்துக்கொண்டது.

வியாழக்கிழமை திருச்சிராப்பள்ளியில் இறங்கினோம். ஆடிக் காற்று. ஸ்டேஷன் வாசலிலேயே என் முந்தானை ஒரு பக்கமும் இவர் குடை இன்னொரு பக்கமும் பறந்தன. பினாங்கில் ரிக்ஷாவில் ஏறினால் மகாராணி மாதிரி உட்காரலாம். இங்கே ஜட்கா. பின்பக்கமாக ஏறி, வைக்கோல்மேல் மடங்கி உட்கார வேண்டும். நான் முன்னால் ஏறிவிட்டேன். இவர் கனத்த உடம்பு, பின்னால் ஏறினார். வண்டி பின்பாரமாகச் சாய்ந்து, குதிரையின் முன்னங்கால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. வண்டிக்காரர் காதர் பாய் பதறவேயில்லை. "ஐயா கொஞ்சம் முன்னால நகந்து உக்காருங்க, குதிரை பாவம்" என்றார். இவர் நகர்ந்தார். நான் நசுங்கினேன். குதிரை பூமிக்கு வந்தது.

மலைக்கோட்டையைப் பற்றி இவர் பினாங்கில் அளந்த அளப்புக்கு, ஊரையே மறைத்துக்கொண்டு நிற்கும் என்று நினைத்திருந்தேன். பார்த்தபோது கொஞ்சம் சின்னதாகத்தான் இருந்தது. சொன்னேன். நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் காபி விஷயத்தில் அவர் சொன்னது அத்தனையும் சரி. எங்கள் பினாங்குக் காபி கறுப்பாகவும் கசப்பாகவும் மருந்து மாதிரி இருக்கும். மேலப்புதூரில் நாங்கள் தங்கிய உறவுக்கார அக்கா வீட்டில் முதல் டம்ளர் காபியைக் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா கேட்காமலே ஊற்றினார்கள். புண்ணியவதி.

வெள்ளிக்கிழமை காலைப் பூசைக்கு முன் தெப்பக்குளத்தண்டை இருக்கும் பெரிய கோவிலுக்குப் போனோம். வெளியே வளையல் கடையும் பாத்திரக் கடையுமாக ஒரே இரைச்சல். உள்ளே காலை வைத்தால் கிணற்றுக்குள் இறங்கினாற்போலக் குளிர்ச்சி. பினாங்கில் குடும்பத்தோடு பெஞ்சில் உட்காருவோம். இங்கே பெஞ்சு கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோரும் தரையில்தான்.

பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டில் ஒரு பிரெஞ்சுச் சுவாமியார் உட்கார்ந்திருந்தார். இவர் போய் முழங்காலில் நின்றார். நான் பெண்கள் வரிசையில் நின்று இவர் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் அந்தக் கால்கள் அசையவில்லை. சுவாமியார் கை உயர்ந்து சிலுவை போட்டது தெரிந்தது. ஆயிற்று, எழுந்து வருவார் என்று பார்த்தால் எழுந்திருக்கக் காணோம். மறுபடி முணுமுணுப்பு. எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் என் தோளைத் தொட்டாள்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரரு அவரு பாவத்தைத்தான் சொல்றாரா, இல்ல ஊர்ல உள்ளவங்க பாவத்தையெல்லாம் சேத்துச் சொல்றாரா?"

 பினாங்கிலிருந்து வந்திருக்கிறோம், தூரம் அதிகம் என்றேன்.

எழுந்து வந்தவரின் முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று பார்த்தேன். கடையில் எடை குறைத்துவிட்டவனிடம் சண்டை போட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தார். பூசை நடந்தது. நான் போய் நன்மை வாங்கிவந்தேன். இவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோவில் படியில் வைத்துச் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். சுவாமியார் நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். கடைசியில் அச்சடித்த புத்தகத் தமிழில், "சர்வேசுரன் உம்முடைய பாவங்களையெல்லாம் பொறுத்தார். அபராதமாக ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லும்" என்றாராம். பிரியதத்த மந்திரம் என்பது மாதாவை வாழ்த்தும் சின்ன ஜெபம். எங்கள் வீட்டில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நான் அதைச் சொல்லி முடித்துவிடுவேன்.

"அவ்வளவுதானா சுவாமின்னு கேட்டேன்" என்றார் இவர்.

"அதுக்கு?"

"அவ்வளவுதான்னாரு. முப்பது வருஷம் சுவாமின்னேன். 'ஆம், கேட்டேன்'னாரு. இன்னும் ஏதாவது குடுங்க சுவாமின்னேன். 'மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்'னுட்டாரு."

அந்த ஒரு மந்திரத்தைச் சொல்லித் தொலைத்தீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லையாம். அதைச் சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துவிடுமாம். இத்தனை பெரிய பாவத்துக்கு அத்தனை சின்னதைச் சொல்லிக் கணக்கை முடிக்க மனம் ஒப்பவில்லையாம். அபராதம் தீர்க்காமல் நன்மை வாங்கவும் மாட்டாராம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடல் கடந்து வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, பாவப்பொறுத்தலும் வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்கிறாரே. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு ரயிலேற வேண்டும். செசிலியிடம் போய் என்ன சொல்வது?

அன்று மத்தியானம் உறையூருக்குப் போனோம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். நெசவாளர் வீட்டம்மாள் ஒவ்வொரு சேலையாக மடியில் விரித்துக் காட்டினாள். இலைப்பச்சையில் அரக்குக் கரை போட்ட ஒன்று என் மனத்தைப் பிடித்துக்கொண்டது. இவர் விலையைக் குறைக்கச் சொல்லி அந்த அம்மாளை அழவைக்காத குறை. நான் இவர் காதோரம் குனிந்து, காலையில் கூட்டச் சொல்லிப் பேரம், மத்தியானம் குறைக்கச் சொல்லிப் பேரமா என்று கேட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் சொன்ன விலைக்கே சேலை எங்களுக்கு வந்தது.

திரும்பும் வழியில் பாலக்கரைப் பக்கம் ஜட்காவை விடச் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. வேறு கோவிலில் வேறு சுவாமியாரிடம் கேட்கப் போகிறார். இவ்விடத்துச் சுவாமியார் நம் தமிழர், வயதானவர். வெராந்தாவில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். எங்களுக்கும் ஆளுக்கொரு கை கொடுத்தார். தொட்டிக்குள் போகாமலேயே இவர் நின்றபடி எல்லாவற்றையும் ஒப்பித்தார். சுவாமியார் கடலையை உரித்துக்கொண்டே கேட்டார். பாவப்பொறுத்தல் கிடைத்துவிட்டதா என்றார். கிடைத்துவிட்டது என்றார் இவர். அப்புறம் என்னிடம் எதற்கு வந்தீர்கள் என்றார்.

இவர் மென்று விழுங்கினார். வேளாங்கண்ணிக்கு நடந்தே போகட்டுமா, பாதரட்சை இல்லாமல் போகட்டுமா என்றெல்லாம் கேட்டார். சுவாமியார் இவர் வயிற்றைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

"நடக்கணும்னு ஆசையா இருந்தா நடங்க. கால் உங்க காலு" என்றார். "ஆனா அதைப் பாவத்துக்கு விலைன்னு நினைச்சுக்கிட்டு நடக்காதீங்க. அந்த விலையை நமக்காக ஒருத்தர் சிலுவையில குடுத்துட்டாரு. நீங்க மறுபடி குடுக்கறேன்னா அவர் குடுத்தது பத்தலேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். சுவாமியார் குரலைத் தாழ்த்தி, அந்த ஐயங்கார் இருக்கிறாரா என்று விசாரித்தார். தெரியாது என்றார் இவர். அப்படியானால் போய்ப் பாருங்கள், அது அபராதமில்லை, ஒரு மனுஷனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை என்று சொல்லிவிட்டுக் கடலைத் தொலியை உதறிக்கொண்டு எழுந்தார். படியிறங்கும்போது நான் இவர் முகத்தைப் பார்த்தேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் பயப்படாதவர் ஸ்ரீரங்கம் என்றதும் வெளிறிப் போயிருந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் வயிறு சரியில்லை என்றார். அக்கா ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். அதற்கப்புறம் வயிற்றின்மேல் பழி போட வழியில்லாமல் போயிற்று. வெறுங்கையோடு போகக்கூடாது என்று நான் பினாங்கிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். பாம்பைக் கண்டவர்போலத் துள்ளினார். டப்பாவே வேண்டாமாம். கடைத்தெருவில் ஒரு சீப்பு மலைவாழைப்பழமும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டோம்.

காதர் பாயின் ஜட்காதான். காவிரிப் பாலத்தில் ஏறியதும் காற்று வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. கீழே செம்மண் நிறத்தில் புதுவெள்ளம் கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு தண்ணீரை நான் கடலில்தான் பார்த்திருக்கிறேன். குதிரை பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. காற்றடித்தால் அது அப்படித்தான், அதற்கே தோன்றும்போது கிளம்பும் என்றார் காதர் பாய். நின்ற இடத்தில் ஒரு பக்கம் மலைக்கோட்டை, மறுபக்கம் தென்னந்தோப்புக்கு மேலே கோபுரங்கள். இவர் எதையும் பார்க்கவில்லை. வாழைப்பழச் சீப்பை மடியில் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று ஒருதரம் கேட்டார். குதிரையே திரும்பவில்லை, நீங்கள் எதற்குத் திரும்ப வேண்டும் என்றேன்.

ஸ்ரீரங்கத்தில் கட்டி முடிக்காத மொட்டைக் கோபுரத்தைத் தாண்டிப் போனால் ஊர் முழுக்கவே கோவிலின் மதிலுக்குள் இருக்கிறது. கடையும் வீடும் பள்ளிக்கூடமும் எல்லாம் உள்ளே. கோவிலுக்குள் குடியிருக்கிறார்களே, இவர்கள் வீட்டில் எப்படிச் சண்டை போடுவார்கள் என்று யோசித்தேன். விசாரித்ததில் வரதன் அங்கேயே இருக்கிறார் என்று தெரிந்தது. பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். உத்தர வீதியில் வீடு.

கதவைத் திறந்தவர் ஒல்லியாக, நெற்றி நிறைய நாமத்தோடு இருந்தார். இவரை மேலும் கீழும் பார்த்தார். இவர் வாயைத் திறக்க முடியாமல் வாழைப்பழத்தை நீட்டினார்.

"அருளப்பனா?" என்றார் அவர். "ஓய், நீர் அருளப்பன்தானே?"

வாசலை ஒட்டிய ரேழியில் பாய் விரித்து உட்கார வைத்தார். அவருடைய சம்சாரம் வந்து நின்றார். மாமிக்கு என்னைப் பார்த்ததும் ஒரே ஆச்சரியம். சமுத்திரத்தில் எத்தனை நாள் வந்தேள், தலை சுற்றாதா, அங்கே தயிர் உறையுமா என்று வரிசையாகக் கேட்டார். உறையும், ஆனால் இந்த ருசி வராது என்றேன். மாமிக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தென்ன? பாதிக் காபி ரவிக்கையில். மாமி சிரிக்காமல் உள்ளே போய் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். அந்த நல்ல மனசை நான் மறக்கமாட்டேன்.

இவர் காபியைத் தொடவில்லை. எழுந்து நின்று கையைக் கூப்பினார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை எங்கும் நிறுத்தாமல் சொன்னார். அந்தக் கேக்கில் முட்டை இருப்பது தெரிந்தே மாதாவின்மேல் பொய்ச் சத்தியம் செய்தேன், உன்னைப் பார்த்து நாலு பேர் சிரிக்க வைத்தேன், உன் படிப்பைக் கெடுத்தேன், என்னை மன்னிக்க வேண்டும் என்றார்.  மாமி உள்ளே போகத் திரும்பினார். வரதன் அவரை நிறுத்தினார்.

"போகாதே. நீயும் கேளு. உன்கிட்டயும் நான் சொன்னதில்லே."

எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். அவர் மட்டும் உட்காரவில்லை.

"நீர் சொன்னது அத்தனையும் வாஸ்தவம். ஒண்ணு மட்டும் உமக்குத் தெரியாது. அதுல முட்டை இருக்குன்னு எனக்குத் தெரியும்."

இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீர் டப்பாவைத் திறந்தப்பவே தெரிஞ்சுடுத்து. பொறந்ததுலேர்ந்து அந்த வாசனையே படாத மூக்கு ஓய் இது. எப்படித் தெரியாம போகும்? ஆனா எனக்கு ஆசை. நீங்கள்ளாம் தினம் ஒண்ணா உக்காந்து சாப்பிடறேள், நான் மட்டும் மரத்தடியில தயிர்சாத மூட்டையைப் பிரிச்சுண்டு தனியா. ஒரு நாளாவது உங்களோட உக்காந்து எதையாவது திங்கணும்னு இருந்தது. அப்பா கேட்டா என்ன சொல்றதுன்னு பயம் வேற. அதான் உம்மைச் சத்தியம் பண்ணச் சொன்னேன். எனக்குன்னு கேக்கலே. அப்பாகிட்டச் சொல்றதுக்குன்னு கேட்டு வாங்கிண்டேன்."

 தெருவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"அப்பா கேட்டார். 'அவன் அவா மாதா மேல சத்தியம் பண்ணினான், நம்பி ஏமாந்துட்டேன்'னு சொல்லிட்டேன். அழக்கூட அழுதேன். பிராயச்சித்தம் பண்ணிவெச்சா, பூணூல் மாத்தினா. எல்லாம் ஏமாந்து தின்னதுக்கு. பொய் சொன்னதுக்கு யாரும் எதுவும் பண்ணிவெக்கலையே. பெருமாளை தினம் சேவிக்கறேன், அவர்கிட்டச் சொல்லியாச்சு. அவர் க்ஷமிச்சிருப்பார். ஆனா கெட்டது உம்ம பேர். அதை உம்மகிட்டன்னா சொல்லணும்? நீர் சமுத்திரம் தாண்டிப் போயிட்டீர்."

என் வீட்டுக்காரரின் முகம் சிவந்துவிட்டது. எனக்கு அவரைத் தெரியும். அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் கோபம் அதிகம் என்று அர்த்தம். இந்த மனுஷன் கேட்டு வாங்கிய ஒரு சாக்குக்காக எத்தனை பாஸ்குத் திருநாள், எத்தனை கிறிஸ்துமஸ், பிள்ளைகளின் ஞானஸ்நானம், செசிலி முதன்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மை எல்லாவற்றிலும் பெஞ்சோடு பெஞ்சாக உட்கார்ந்திருந்தார்! எனக்கே நெஞ்சு கொதித்தது. இவர் எழுந்து வாசற்படிவரை போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியே இறங்கிப் போய் ஜட்காவில் ஏறிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஏறிவிட்டால் அப்புறம் ஜன்மத்துக்கும் நன்மை கிடையாது என்பதும் தெரிந்தது. மாதாவே, இவர் காலைக் கட்டிப் போடு என்று வேண்டிக்கொண்டேன். அதைவிட நல்ல ஜெபம் எதுவும் அப்போது வாயில் வரவில்லை.

வரதன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இவர் திரும்பி வந்தார். வரதனின் இரண்டு கையையும் பிடித்தார்.

"போகட்டும் வரதா. விடு."

வரதன் கண் கலங்க இவரையே பார்த்தார். ஏதோ பெரிதாக விழப்போகிறது என்று காத்திருந்தவர்போல இருந்தார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

என் வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டேன்.

"அவ்வளவுதான்" என்றார் இவர்.

அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். அதற்கப்புறம் சிரித்தார்கள். கல்லூரி வாத்தியார்களைப் பெயர் சொல்லித் திட்டினார்கள். வரதன் எங்கள் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, எங்கள் முன்னாலேயே உரித்துத் தின்றார். "இதுல முட்டை இல்லையே ஓய்?" என்று கேட்டார். இவர் சத்தியம் எதுவும் செய்யவில்லை. மாமி எனக்கு ஒரு பொட்டலம் புளியோதரைப் பொடி கட்டிக்கொடுத்து, செசிலியின் கலியாணத்துக்கு மஞ்சளும் தேங்காயும் மடியில் வைத்தார். எங்கள் கோவிலில் மஞ்சளுக்கு என்ன வேலை என்று நான் சொல்லவில்லை. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஜட்காவில் ஏறித் திரும்பினோம். பாலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "அவனுக்குத் தெரிஞ்சிருந்தாலும் நான் சொன்னது பொய்தானே" என்றார்.

"பொய்தான்" என்றேன்.

"பாவந்தானே?"

"பாவந்தான். அதுக்குத்தான் சுவாமியார் ஒரு மந்திரம் சொல்லச் சொல்லியிருக்காரே."

பாலத்தில் ஏறினோம். காற்றடித்தது. குதிரை வழக்கம்போல நடுவில் நின்றுவிட்டது. இவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உதடு அசைய ஆரம்பித்தது. சின்ன மந்திரம்தான். ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர்போலச் சொன்னார். பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்ற இடத்தில் குரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். காதர் பாய் திரும்பிப் பார்த்தார். பிறகு சாட்டையைக் காலடியில் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குதிரை எப்போது கிளம்பியது என்று எனக்கு நினைவில்லை. பாலம் முடிந்து இறங்கும்போது இவர் ஆமென் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அதே தெப்பக்குளத்துக் கோவிலில் பூசை. மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து பீடத்துக்கு முன்னால் இருக்கும் கம்பி அளியண்டை போய் முழந்தாளிட்டோம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பெண்கள் வரிசையில் நான் கடைசி. நடைவழியைத் தாண்டி ஆண்கள் வரிசையில் முதலில் இவர். கண்ணாடியை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். சுவாமியார் ஒவ்வொருவராக நெருங்கி வந்தார். அந்த நேரத்தில் கண்ணை மூடி ஆண்டவரை மட்டுமே நினைக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து படித்திருக்கிறேன். நன்மையை வாங்கினேன். கண்ணை மூடவில்லை. நாக்கை நீட்டிக்கொண்டு குழந்தை மாதிரி காத்திருந்த என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பினாங்கு போனதும் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். சுவாமியார் எவ்வளவு சின்ன அபராதம் கொடுத்தாலும் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்வேன்.